உடையாத சுங்கான்

வாயில் எதையாவது கடித்துக்கொண்டு வேலை செய்கிறவனை உலகம் கெட்டிக்காரன் என்று நம்பிவிடுகிறது. தச்சர் ஆணியைக் கடித்துக்கொண்டு நிற்பார். தையல்காரர் ஊசியைக் கடித்திருப்பார். அவர்களிடம் யாரும் அனாவசியமாகக் கேள்வி கேட்பதில்லை. கேட்டாலும் "ம்" என்பதற்கு மேல் பதில் வராது; அந்த "ம்"முக்கே ஒரு மதிப்பு இருக்கும். இந்த உண்மையை நான் மிக இளம் வயதிலேயே கண்டுபிடித்தேன். கண்டுபிடித்ததோடு விட்டிருந்தால் என் அல்பாக்காக் கோட் இன்றைக்கும் இருந்திருக்கும்.

அது இரண்டாம் யுத்தம் வருவதற்கு முந்திய காலம். நான் நீர்ப்பாசனப் பகுதியில் ஓவசியர். கிரானுக்கு அப்பால் உள்ள வட்டைகளுக்குத் தண்ணீர் கொண்டுபோகும் வாய்க்கால்களை அளந்து, உடைப்பு இருந்தால் அடைப்பிப்பது என் உத்தியோகம். (வட்டை என்றால் எங்கள் மட்டக்களப்பில் ஒரே தொடராகக் கிடக்கும் வயல்வெளி. அதற்குள் நடுப்பகலில் நடந்தால் ஒரு மர நிழலுக்காக உயிரையும் எழுதிக் கொடுக்கலாம் போலிருக்கும்.) எனக்கு மேலே வெள்ளைக்கார எஞ்சினியர் துரை ஒருவர் இருந்தார். அவர் வாயில் எந்நேரமும் ஒரு சுங்கான், புகையிலை அடைத்துப் புகைக்கும் குழாய். மட்டம் பார்க்கும் கருவியை இரண்டு கையாலும் திருப்பிக்கொண்டே புகைப்பார். யாராவது ஏதாவது கேட்டால் சுங்கானை வெளியே எடுப்பார், வானத்தைப் பார்ப்பார், மறுபடி வாயில் வைத்துக்கொள்வார். பதில் சொல்ல மாட்டார். கேட்டவர் "துரை யோசிக்கிறார்" என்று திருப்தியோடு போய்விடுவார்.

என்னிடம் இருந்ததோ சுருட்டு. சுருட்டுக்கு ஒரு கை வேண்டும். எனக்கு ஒரு கையில் அளவு நாடா, மறு கையில் முளை. வாயிலேயே விட்டால் சுருட்டு குறுகிக் குறுகி மீசைக்கு வந்து சேரும். ஒருநாள் அதன் நெருப்பு, நான் வரைந்துகொண்டிருந்த வாய்க்கால் படத்தில் விழுந்து வட்டமாக ஒரு ஓட்டையைப் போட்டது. படத்தைப் பார்த்த பெரிய கிளாக்கர் மூக்குக் கண்ணாடியை உயர்த்திக்கொண்டு, "இந்தக் குளம் எப்ப தம்பி வெட்டினது?" என்று கேட்டார். அன்றைக்கு முடிவு செய்தேன். வேலை செய்துகொண்டே புகைக்க எனக்கும் ஒரு சுங்கான் வேண்டும். அதுவும் இலேசில் உடையாத சுங்கான்.

(என் தாய் சொல்வார்: "இவன் ஒரு விசயத்த நினைச்சா, செய்து கெட்டாத்தான் நிம்மதி.")

முதல் சுங்கானைக் காத்தான்குடியில் ஒரு கடைக் காக்காவிடம் (முஸ்லிம் பெரியவர்களை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் கூப்பிடுவோம்) வாங்கினேன். வெள்ளைக் களிமண்ணால் செய்தது, பார்க்க வெகு அழகு.

"உடையாதா காக்கா?"

"கீழ போடாட்டி ஏன் தம்பி உடையிற?" என்றார் அவர்.

அவர் சொன்னதில் பொய் இல்லை. நான் கீழே போடவே இல்லை. சுங்கானைக் கடித்தபடி ஒரு வாய்க்காலைத் தாண்டிக் குதித்தேன். கால் தரையில் பட்டபோது என் இரண்டு தாடையும் ஒன்றை ஒன்று சந்தித்துக்கொண்டன. குழல் வாய்க்குள்ளும் கிண்ணம் வாய்க்காலுக்குள்ளும் போயின. அன்று முழுவதும் களிமண் துப்பிக்கொண்டிருந்தேன்.

இரண்டாவது, மரச் சுங்கான். சீமைக்குத் திரும்பிப் போன தென்னந்தோட்டத் துரை ஒருவருடைய சாமான்களை ஏலம் போட்டபோது எடுத்தது. குதித்தேன், உடையவில்லை. கடித்தேன், உடையவில்லை. வெற்றி என்று நினைத்து, சாப்பிடும் நேரம் அதை வரம்பில் வைத்துவிட்டுக் கை கழுவப் போனேன். திரும்பி வந்தபோது வரம்பில் ஒரு எருமை நின்றது. சுங்கான் இருந்த இடத்தில் அதன் முன்னங்கால் இருந்தது. அது காலை எடுத்த பிறகு நெடுநேரம் தேடினேன். துண்டுகூடக் கிடைக்கவில்லை.

வேறொருவனாக இருந்தால் வெற்றிலைக்கு மாறியிருப்பான். நான் வரம்பிலேயே உட்கார்ந்து தீர்க்கமாக யோசித்தேன். என் தாடையையும் எருமையின் காலையும் ஒன்றாகத் தாங்கக்கூடிய பொருள் எது? களுதாவளைப் பிள்ளையார் கோயில் நினைவுக்கு வந்தது. அங்கே இருந்த பெரிய குத்துவிளக்கும் நினைவுக்கு வந்தது. பித்தளை! எத்தனை திருவிழாவில் எத்தனை பேர் தட்டி விழுத்தியிருப்பார்கள், அந்த விளக்கு உடைந்ததா? தினமும் எரிகிறதே, என்றைக்காவது எரிந்துபோனதா? என் தர்க்கத்தில் ஒரு குறையும் எனக்குத் தெரியவில்லை. விளக்கை யாரும் வாயில் வைப்பதில்லை, சட்டைப் பையிலும் போடுவதில்லை என்ற சிறிய வித்தியாசம் மட்டும் அந்த நேரம் என் மூளைக்கு எட்டவில்லை.

பித்தளைப் பட்டறைக்காரர் நான் கீறிக் கொடுத்த படத்தைத் தலைகீழாகவும் பிடித்துப் பார்த்தார்.

"இது என்னத்துக்குத் தம்பி?"

"புகைக்க."

"சாம்பிராணியா?"

"புகையிலை."

அவர் சிரிக்கவில்லை. நல்ல கனமாக வார்த்து, கடிக்கும் இடத்துக்கு மட்டும் மான்கொம்பில் ஒரு முனை பூட்டிக் கொடுத்தார். கொடுக்கும்போது, "நான் செஞ்ச சாமான் உங்கட பேரப்புள்ளைகளுக்கும் உழைக்கும்" என்றார். அங்கேயே அதைக் கருங்கல்லில் போட்டுப் பார்த்தேன். கல்லில் ஒரு சில்லு தெறித்தது. என் நெஞ்சு நிறைந்துவிட்டது.

அந்தச் சுங்கானில் இரண்டு சின்னச் சிரமங்கள் இருந்தன. ஒன்று, பாரம். அதைக் கடித்துக்கொண்டு பகல் முழுவதும் வேலை செய்தால் இரவில் சோறு மெல்லத் தாடை இடம் கொடுக்காது, கஞ்சிதான். மற்றது, சூடு. காலையில் பற்றவைத்தால் மத்தியானம்வரை ஆறாது. கைலேஞ்சித் துணியைச் சுற்றித்தான் பிடிக்க வேண்டும். ஆனாலும் உடையவில்லையே! நான் அதைக் கடித்துக்கொண்டு வாய்க்கால் வாய்க்காலாகக் குதித்தேன். வேலைக்காரர்கள் என்னிடம் கேள்வி கேட்பதை நிறுத்தினார்கள். நான் யோசிக்கிறேன் என்று நினைத்தார்கள். உண்மையில் வாயைத் திறந்தால் சுங்கான் விழுந்து காலில் காயம் படும் என்ற பயம்தான்.

இந்த நேரத்தில்தான் என் கலியாணப் பேச்சு வந்தது.

கிரானில் ஒரு போடியார். ஏராளம் வயல், எருமைப் பட்டி, ஒரேயொரு மகள். அவளை நான் களுதாவளைத் திருவிழாவில் பார்த்திருந்தேன். கூட்டத்தில் யாரோ ஒருவர் வழுக்கி விழ, கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்; பொத்தியும் சிரிப்பு நிற்கவில்லை. அந்தச் சிரிப்பு எனக்குப் பிடித்துப்போனது. கட்டினால் இவளைத்தான் கட்டுவது என்று அங்கேயே நின்று தீர்மானித்தேன். (என் தீர்மானங்களின் தரம் உங்களுக்கு இப்போது தெரியும். ஆனால் இது ஒன்று சரியாக அமைந்தது.)

எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தால் ஆண்தான் பெண் வீட்டுக்குப் போவான். வீடு அவளுக்குச் சீதனம். ஆகவே அந்த வீட்டின் தாய் சம்மதிக்காமல் எதுவும் நடக்காது. அந்த அம்மாவுக்கு என்மேல் ஒரு சந்தேகம் இருந்ததாம். காற்சட்டை போட்ட உத்தியோகப் பொடியன், வாய் நீளமாக இருக்கும், தங்கள் முறை தலை தெரியாமல் எதையாவது உளறுவான் என்று. அதனால் போடியார் சொல்லி அனுப்பினார்: "சூடு மிதிக்கிற அண்டைக்கு வரட்டும். களத்தில வெச்சுப் பாப்பம்."

அறுத்துக் கட்டிய கதிரைக் களத்தில் பரப்பி, எருமைகளை வளைய வளைய நடக்கவிட்டு நெல்லைப் பிரிப்பதுதான் சூடு மிதிப்பு. எங்கள் ஆட்களுக்குக் களம் கோயில் மாதிரி. அதற்குள் நின்று கண்டபடி பேசினால் நெல் குறைந்துவிடும். செட்டிபாளையத்திலிருந்து வாவியைக் கடந்து வந்த என் தாய்மாமன், முதல்நாளே என்னை உட்கார வைத்துப் பாடம் நடத்தினார்.

"செருப்போட உள்ளுக்குப் போக ஒண்ணா. குடை பிடிக்க ஒண்ணா. 'இல்ல' எண்டு சொல்ல ஒண்ணா. 'போதும்', 'முடிஞ்சிது' ரெண்டும் வாயில வரவே ஒண்ணா. 'நெருப்பு', 'எரியிது' எண்டு மட்டும் சொன்னியோ, மறுகா அந்த ஊர்ப்பக்கம் நமக்குப் பாதையே இல்ல."

"அப்ப என்னத்தத்தான் மாமா சொல்ற?"

"நெல்லுக்குப் பொலி எண்டு சொல்லு. வேற எதக் கேட்டாலும் 'பொலியுது' எண்டு சொல்லு. பெருகுது எண்டு அர்த்தம். பிழைக்காது."

"சுங்கான்?"

மாமா என்னைப் பார்த்த பார்வையில் செத்துப்போன என் தகப்பனுக்கான அனுதாபம் தெரிந்தது. "அத வீட்ட வெச்சிற்று வா மனே. உனக்குப் புண்ணியம்."

நான் வைத்துவிட்டு வரவில்லை. சுங்கான் இல்லாத என் முகம் வெறும் முகம். அதை நம்பி யார் பெண் கொடுப்பார்கள்? களத்துக்கு வெளியே, தூரத்தில் வரம்பில் நின்று, இரண்டு இழுப்பு இழுத்தபடி போடியாரின் கண்ணில் படுவது, பிறகு அணைத்துவிட்டு மரியாதையாக உள்ளே போவது. இதுதான் என் திட்டம். அல்பாக்காக் கோட் போட்டு, செருப்பைக் கழற்றி, வானத்தைப் பார்த்தபடி புகைவிட்டுக்கொண்டு நின்றேன். மாமா வரம்பின் மறுகோடியில் யாருடனோ கதைத்துக்கொண்டிருந்தார்.

"வாங்க தம்பி!"

குரல் முதுகுப் பக்கமிருந்து வந்தது. போடியார் நான் பார்த்த திசையில் வராமல் மற்றப் பக்கத்தால் வந்துவிட்டார். அணைக்க நேரமில்லை. சுங்கானைக் கோட்டின் வலது பையில் போட்டேன். அதில் கைலேஞ்சி இருந்தது. நெருப்புப் பெட்டியும் இருந்தது.

உள்ளே போனோம். எருமைகள் வரிசையாகச் சுற்றி வந்துகொண்டிருந்தன. பின்னால் நடந்தவர்கள் "பொலி, பொலி" என்று இழுத்துப் பாடி அவற்றை ஓட்டினார்கள். வயல் வேலைகளுக்குத் தலைவரான முல்லைக்காரர் நீண்ட கம்பால் வைக்கோலைக் கிளறிக்கொண்டிருந்தார். முழங்காலளவு வைக்கோல், காய்ந்து சலசலத்தது. அந்தக் குடும்பமும் அங்கே நின்ற அத்தனை பேரும் அடுத்த வருசம்வரை சாப்பிட வேண்டிய நெல் அதற்குள்தான் கிடந்தது.

"இந்த முறை வாய்க்கால்ல தண்ணி எப்பிடித் தம்பி?"

"பொலியுது."

"உத்தியோகம்?"

"பொலியுது."

போடியாரின் முகம் மலர்ந்தது. அதைக் கண்டதும் என் உடம்பில் ஒரு வெதுவெதுப்புப் பரவியது. பெரிய மனிதர் ஒருவரின் அங்கீகாரம் இப்படித்தான் சுகமாக இருக்கும் போலும் என்று நினைத்தேன். ஆனால் அந்த அங்கீகாரம் இடுப்புக்கு வலப்பக்கத்தில் மட்டும் இருந்தது. கொஞ்சம் கொஞ்சமாகக் கூடிக்கொண்டும் வந்தது.

முதலில் கண்டவர் முல்லைக்காரர். அவருடைய கம்பு நின்றது. வாய் திறந்தது, மூடியது.

"போடியார்... ஓவசியர் தம்பிர பையில..."

"பையில என்ன?"

"பையில... அது."

போடியார் என் பையைப் பார்த்தார். மெல்லிய நீலப் புகை கோட்டிலிருந்து கிளம்பி அவர் மூக்குக்கு நேரே போனது. பிறந்த நாளிலிருந்து களத்துக்குள் அந்தச் சொல்லை உச்சரிக்காத மனிதர் அவர். முகம் கறுத்தது. எச்சிலை விழுங்கிவிட்டு, மிகுந்த நிதானத்தோடு சொன்னார்:

"தம்பி, உங்கட பையில பொலியுது."

தொடை வெந்துகொண்டிருந்தது. ஆனால் மாமா சொல்லித் தந்த பாடம் ஒன்றும் மறக்கவில்லை.

"ஓம், நல்லாப் பொலியுது" என்றேன்.

"வெளிய போய்ப் பொலிய வெச்சா நல்லம்."

"ஓம், போறன்."

எப்படிப் போவது? எனக்கும் வரம்புக்கும் நடுவே எருமை வரிசை வந்துவிட்டது. இதற்குள் வரம்பிலிருந்து மாமா புகையைக் கண்டுவிட்டார். அவர் நின்ற இடம் களத்துக்கு வெளியே. எந்தச் சொல்லையும் சொல்ல அவருக்கு உரிமை இருந்தது. பதற்றத்தில் அதை மறந்துபோய், இரண்டு கையையும் உயர்த்திக்கொண்டு, "மருமகனே, பொலி! பொலி!" என்று அலறினார். முல்லைக்காரரும் "பொலி! பொலி!" என்று கத்தினார். எருமைகளுக்குப் பின்னால் நடந்தவர்கள் எதையும் காணவில்லை. எசமானின் ஆட்கள் உற்சாகப்படுத்துகிறார்கள் என்று எண்ணி, அவர்களும் "பொலியோ பொலி!" என்று கூவி எருமைகளை இன்னும் வேகமாக ஓட்டினார்கள். அந்த நேரம் பார்த்துத்தான் பைக்குள் இருந்த நெருப்புப் பெட்டி "புஸ்" என்றது.

சுவாலை வந்துவிட்டது. ஒரு பொறி வைக்கோலில் விழுந்தால் எல்லாம் போய்விடும் என்று எனக்கு விளங்கியது. கலியாணம் அந்த நிமிடம் நினைவில் இல்லை. வலது கையால் பையைக் கசக்கி, நெருப்போடு சேர்த்து என் இடுப்பில் இறுக்கிப் பிடித்தேன். கத்த வேண்டும் போலிருந்தது. பல்லைக் கடித்தேன். களிமண் சுங்கானை முறித்த அதே பல். இரண்டு எருமைகளுக்கு நடுவே தலையைக் கொடுத்து நுழைந்தேன். அவை மிரண்டு ஒரு பக்கம் ஓட, நான் மறுபக்கம் ஓடினேன். வரம்பைத் தாண்டினேன். களத்தடி மரத்தின் கீழே சோறு கொண்டுவந்த ஓலைக் கடகத்தோடு நின்ற இரண்டு பெண்களைத் தாண்டினேன். அதற்கப்பால் எருமைகள் கிடந்து புரளும் சேற்றுக் குழி இருந்தது. கோட்டோடு அதற்குள் பாய்ந்து உட்கார்ந்தேன். "சொய்ங்" என்று ஒரு சத்தம். ஆவி எழும்பியது.

எல்லாம் அணைந்து குளிர்ந்த பிறகு, களத்துக்கு வெளியே வந்துவிட்டேன் என்பது நினைவுக்கு வந்தது. அடக்கி வைத்த அத்தனையையும் சேர்த்து, கழுத்தளவு சேற்றில் இருந்தபடி, "நெருப்பு! நெருப்பு!" என்று கத்தினேன்.

மரத்தடியில் இருந்து ஒரு சிரிப்பு வந்தது. பொத்தியும் நிற்காத அதே சிரிப்பு. திருவிழாவில் வழுக்கி விழுந்தவனைப் பற்றி அன்று நான் கவலைப்படவில்லை. இப்போது அவன் நிலைமை எனக்கு நன்றாக விளங்கியது. அவமானத்தில் அந்தச் சேற்றுக்குள்ளேயே முழுகிவிடலாமா என்று பார்த்தேன். ஆழம் போதவில்லை.

போடியார் மூச்சு வாங்க வந்து நின்றார். "இவர் நமக்குச் சரிவராது" என்றார் மனைவியிடம். "களத்துக்குள்ள கொள்ளிய வெச்சிக்கொண்டு வந்த ஆள். அனுப்பிருங்க."

அந்த அம்மா அவசரப்படவில்லை. கடகத்தை இறக்கி வைத்தார்.

"வைக்கோல்ல ஒரு பொறி விழுந்திச்சா?"

"இல்ல. கையால பொத்திக்கொண்டு போயிற்றார்."

"உள்ளுக்க நிக்கக்குள்ள அந்தச் சொல்லச் சொன்னாரா?"

போடியார் யோசித்தார். "சொல்லல்ல."

"வெந்தும் சொல்லல்ல. நீங்க போன கிழமை கால்ல முள்ளுக் குத்தினதுக்கு ஊரையே கூட்டினீங்க." என் பக்கம் திரும்பி என்னை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார், பார்க்கச் சேற்றுக்கு வெளியே தலை மட்டும்தான் இருந்தது. "வாய் நீளம் எண்டு ஆரோ சொன்னாங்க. இது நல்ல வாய். எனக்கு இது போதும்."

மகள் சிரிப்பை விழுங்கிக்கொண்டு, எனக்குக் கேட்க வேண்டிய அளவு சத்தமாகச் சொன்னாள்: "அந்தச் சாமானக் கரையில வெச்சிற்று எழும்பி வரச் சொல்லுங்கம்மா."

சேற்றுக்குள் துழாவினேன். கோட்டின் வலப்பக்கம் காணாமல் போயிருந்தது. கைலேஞ்சி இல்லை, பையே இல்லை. உள்ளங்கை கொப்புளித்துவிட்டது, அந்தத் தழும்பு இன்றைக்கும் இருக்கிறது. சுங்கான் மட்டும் கையில் தட்டுப்பட்டது. கழுவிப் பார்த்தேன். ஒரு கீறல் இல்லை. அவ்வளவு அவமானத்துக்கு நடுவிலும், நான் தேர்ந்தெடுத்தது சரியான சாமான்தான் என்று ஒரு திருப்தி வந்தது என்பதை மறைக்க மாட்டேன். என் வருங்கால மாமி அதை வாங்கிக் கையில் தூக்கிப் பாரம் பார்த்தார். அதன் கிண்ணத்துக்குள் விரலை விட்டு ஆழம் பார்த்தார். கடகத்துக்குள் போட்டுக்கொண்டார்.

கலியாணம் முடிந்து அந்த வீட்டுக்குப் போன முதல் காலை, "டொக், டொக்" என்று ஒரு சத்தம் கேட்டு எழுந்தேன். மாமி முற்றத்தில் உட்கார்ந்து பாக்கு இடித்துக்கொண்டிருந்தார். உரல் எனக்குத் தெரிந்த முகமாக இருந்தது. அதே பட்டறையில் கொடுத்து, குழலை அறுத்து, அடியைத் தட்டையாக்கி எடுத்திருந்தார்.

"நல்ல உறுதியான சாமான் மனே" என்றார். "எங்க தேடிப் புடிச்சீங்க?"

நான் வெறும் வாயோடு வேலைக்குப் போனேன். அதன் பிறகு வேலைக்காரர்கள் என்னிடம் கேள்வி கேட்கத் தொடங்கினார்கள். பதில் தெரியாதபோது வானத்தைப் பார்ப்பதோடு நிறுத்திக்கொண்டேன். துரை ஓய்வு பெற்றுப் போனார். யுத்தம் வந்து போனது. மாமாவும் போடியாரும் காலமானார்கள். எங்கள் வீட்டில் மட்டும் ஒரு வழக்கம் மாறவில்லை. இங்கே சோறு கருகாது, கறி அடிப்பிடிக்காது, சீலையில் நெருப்புப் படாது. எல்லாம் பொலியும்.

போன கிழமைகூட என் மனைவி அடுப்பில் பாலை வைத்துவிட்டுப் பக்கத்து வீட்டுக்காரியோடு கதைத்துக்கொண்டு நின்றாள். திடீரென்று உள்ளே ஓடியவளின் குரல் வந்தது: "இஞ்சேருங்க, குசினிக்குள்ள பொலியுது!" நான் கிணற்றடியிலிருந்து வாளியோடு ஓடினேன். அவள் பழையபடி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மாமி, இப்போது வாயில் ஒரு பல்லும் இல்லை, முற்றத்தில் இருந்தபடி என்னைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு, என் சுங்கானில் அடுத்த பாக்கைப் போட்டு இடித்தார். அதில் இன்னும் ஒரு கீறல் விழவில்லை.